விட்டுச் சென்றதா, விட்டுக்கொடுத்ததா?

சோளகக் காற்று ஓயாது வீசும் மாதங்களில் பரந்தன் சந்தியில் நின்றவர்களுக்கு அக்காற்றின் வலிமையை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கமாக ஒரு வீதியும் பூநகரிப் பக்கமாக இன்னொரு வீதியும் பிரிகின்ற அந்த வெளியில், வயலையும் பனையையும் தவிரக் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. “இந்தக் காற்று வீணாகத்தானே போகிறது, பழைய மோட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, பலகையாலோ பிளாஸ்ரிக் குழாயாலோ இறக்கை செய்து பூட்டினால் வீட்டுக்கு இரண்டு விளக்கு எரிக்கலாமே” என்று கைவேலை தெரிந்த ஓர் இளைஞன் நினைப்பது இயல்பு. அது பாராட்டத்தக்க நினைப்பும்கூட.

ஆயினும் “பழைய மோட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து” என்ற சொற்களுக்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. வேறு ஊர்களில் அது சின்னக் கேள்வி. நம்முடைய வன்னி மண்ணிலோ அது மனச்சாட்சியின் கேள்வி. அந்த மோட்டர் எங்கே கிடந்தது? அதை அங்கே விட்டுப்போனவர் யார்? அவர் எதனால் விட்டுப்போனார்?

இக்கேள்வியை இவ்வாரம் நாம் சேர்ந்து சிந்திப்போம்.

முதலில் நம்முடைய ஊரின் கதையைச் சற்று நினைவுகூர வேண்டும். ஒரு காலத்தில் பரந்தன் என்றாலே இரசாயனத் தொழிற்சாலை என்றுதான் நாடு முழுவதும் அறியும். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதனூடே மின்சாரத்தைச் செலுத்தி, எரிசோடாவையும் குளோரினையும் அங்கே பிரித்தெடுத்தார்கள். பெருந்தொகையான மின்சாரம் இல்லாமல் நடக்காத தொழில் அது. 1980களின் நடுப்பகுதியில் போர்ச் சூழலால் அத்தொழிற்சாலை நின்றது. பின்னர் அது இடிபாடாயிற்று. மின்சாரத்தைக் கொண்டே பெயர் பெற்ற ஊர், 1990இன் பின்னர் மின்சாரமே இல்லாத ஊராகிப் பல ஆண்டுகள் கிடந்தது.

அந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டிருந்தன. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கில் ஒரு தலைமுறையே படித்துப் பரீட்சை எழுதியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதை இன்று ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் மறந்திருக்கமாட்டார். சைக்கிளின் டைனமோ 6 வோல்ற், 3 வாற் தருகின்ற சிறு பொருள். அதைக் கொண்டு வீட்டை உலகத்தோடு தொடர்புபடுத்தியவர்கள் நம்முடைய மக்கள். ஆகவே, பழைய பொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலையைப் பரந்தனுக்கு வெளியிலிருந்து எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

மோட்டரும் மின்பிறப்பாக்கியும் அடிப்படையில் ஒன்றே. மின்சாரம் கொடுத்தால் சுழல்வது மோட்டர். சுழற்றினால் மின்சாரம் கொடுப்பது மின்பிறப்பாக்கி. 1873இல் வியன்னாக் கண்காட்சியில், சுழலும் ஒரு டைனமோவோடு இன்னொரு டைனமோவைக் கம்பியால் இணைத்தபோது அந்த இரண்டாவது தானே மோட்டராகச் சுழன்றது என்பது புகழ்பெற்ற செய்தி. பதினான்கு ஆண்டுகளின் பின், 1887இல், ஸ்கொட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் தம் குடிசை வளவில் துணி இறக்கைகள் கட்டிய காற்றாலையை நிறுத்தி, அதன் மின்சாரத்தைப் பற்றரியில் சேர்த்து வீட்டுக்கு விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தில் ஊர்த் தெருவுக்கு வெளிச்சம் தருகிறேன் என்றார். ஊரவர்களோ அது பேயின் வேலை என்று மறுத்துவிட்டார்கள்!

எல்லா மோட்டரும் இதற்கு உதவாது என்பதையும் சொல்லவேண்டும். உள்ளே நிலையான காந்தம் உள்ள மோட்டர்தான் வீட்டுக் காற்றாலைக்கு ஏற்றது. மின்சாரச் சைக்கிளின் சில்லுக்குள் இருக்கும் மோட்டர், உடற்பயிற்சிக்கு ஓடும் மெஷினின் மோட்டர் போன்றவை இவ்வகை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சாதாரண மின் மோட்டருக்குள் காந்தம் இல்லை. அதை மின்பிறப்பாக்கியாக்க வேண்டுமானால் கொண்டென்சர் பூட்டி, நிமிடத்துக்கு 1500 அல்லது 3000 சுற்றுக்கு மேலாகச் சுழற்றவேண்டும். இல்லையேல் உள்ளே சுழலும் பாகத்தைக் கடைந்து காந்தம் பதிக்கவேண்டும். இரண்டு மீற்றர் குறுக்களவுள்ள காற்றுச் சில்லோ நல்ல காற்றில்கூட நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சுற்றுத்தான் சுழலும்.

கிடைக்கும் மின்சாரமும் கொஞ்சம்தான். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசும் காற்று அத்தகைய சில்லின் பரப்பினூடே கொண்டுசெல்லும் ஆற்றல் 235 வாற்றளவு. எவ்வளவு திறமையாகச் செய்தாலும் அதில் 59 வீதத்துக்கு மேல் எடுக்க இயலாது என்பது இயற்கையின் விதி. கையால் செய்த சில்லு கால்பங்கு எடுத்தாலே பெரிது. அதாவது 60 வாற். காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் மின்சாரம் பாதியாகக் குறைவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடுகிறது. ஆனாலும் இன்றைய எல்.ஈ.டி. விளக்குக்கு 5 அல்லது 9 வாற் போதும். எனவே இந்தக் கொஞ்சமும் ஓர் ஏழை வீட்டுக்குக் கொஞ்சமல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றதையும், அவ்வாண்டு ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதையும் அனுபவித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இனிக் கேள்விக்கு வருவோம்.

பற்றை மூடிய ஒரு வளவில், இடிந்த கிணற்றருகே, துருப்பிடித்த மோட்டர் ஒன்று கிடக்கிறது. “கேட்பாரற்றுக் கிடந்தது, எடுத்தேன்” என்கிறோம். கேட்பாரற்றுக் கிடப்பது எல்லாம் உரியவரற்றதா?

புனித தோமஸ் அக்குவீனாஸ் களவைப் பற்றி எழுதிய இடத்தில் கண்டெடுத்த பொருளையும் ஆராய்கிறார். கடற்கரையில் கிடக்கும் கல்லும் மணியும் ஒருபோதும் ஒருவருக்கும் உரியனவாய் இருந்ததில்லை. எடுத்தவருக்கே அவை சொந்தம். அண்மையில் ஒருவருடையதாய் இருந்த பொருளோ வேறு. உரியவர் அதை வேண்டாமென்று கைவிட்டிருந்து, எடுப்பவரும் அவ்வாறே நம்பி எடுத்தால் அது களவல்ல. உரியவர் கைவிடாதிருந்தால், திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்து வைப்பது மட்டுமே குற்றமற்றது. ஆகவே, ஒரு பொருள் எங்கே கிடந்தது என்பதைவிட, அதை விட்டவரின் மனம் என்ன என்பதே முக்கியமாகிறது.

இந்த அளவுகோலை நம்முடைய மண்ணில் வைத்துப் பாருங்கள். 1996இலும், பின்னர் 2008–2009இலும் கிளிநொச்சி, பரந்தன் மக்கள் வீடுகளை விட்டு எழும்பினார்கள். தண்ணீர் மெஷினையும் தையல் மெஷினையும் சைக்கிளையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனவர்கள், ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒவ்வொரு பொருளாக இறக்கிவிட்டு, முள்ளிவாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிரைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நின்றார்கள். அவர்களுள் யார் தம் மோட்டரை வேண்டாமென்று எறிந்தார்? கடலில் புயல் அடிக்கும்போது தோணியைக் காப்பாற்றச் சுமையைத் தூக்கிக் கடலில் போடுகிறவன், அச்சுமை தன்னுடையதல்ல என்று சொல்லிப் போடுவதில்லை. அவ்வாறே, ஷெல்லுக்கு அஞ்சி ஓடியவர் பொருளை விட்டுச் சென்றார், விட்டுக்கொடுத்துச் செல்லவில்லை. இரண்டும் ஒன்றாகா.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் இதற்கு நேரான சட்டமே உண்டு. வழிதப்பிய உன் சகோதரனின் மாட்டையோ ஆட்டையோ கண்டால் காணாதவன்போல் போகாதே. அவன் தூரத்தில் இருந்தால், அல்லது அவன் யாரென்று தெரியாதிருந்தால், உன் வீட்டுக்குக் கொண்டுபோய், அவன் தேடிவரும்வரை வைத்திருந்து, வந்ததும் கொடுத்துவிடு என்பது அதன் கருத்து. மாட்டுக்கு மட்டுமல்ல, ஆடைக்கும், தொலைந்த எந்தப் பொருளுக்கும் இதுவே விதி. இங்கே இரண்டு பக்கமும் கவனிக்கத்தக்கவை. எடுக்காதே என்று சட்டம் சொல்லவில்லை. காணாதவன்போல் போவதையே அது தடுக்கிறது. எடுத்ததை உன்னுடையதாக்கிக்கொள் என்றும் சொல்லவில்லை. தேடி வருபவருக்காக வைத்திரு என்கிறது.

“இது நடைமுறைக்கு ஒத்துவருமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உரியவர் இறந்திருக்கலாம்; கனடாவிலோ பிரான்சிலோ இருக்கலாம்; யாரென்றே தெரியாதிருக்கலாம். மோட்டரோ மழையில் நனைந்து மண்ணாகிறது. அதை மண்ணாகவிடுவதால் உரியவருக்கும் பயனில்லை, அயலவருக்கும் பயனில்லை. ஐயாயிரம் பேர் உண்ட பின் மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்ன ஆண்டவர், வீணாக்குவதை நீதி என்று சொல்லமாட்டார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், எதையும் பயன்படுத்திவிட்டு எறியும் பழக்கத்தைக் கண்டித்ததும் இதனாலேயே.

தேவையைப் பற்றியும் திருச்சபையின் போதனை தெளிவானது. உயிர் தப்ப வேறு வழியில்லாத கடும் தேவையில் பிறர் பொருளை எடுத்துப் பயன்படுத்துவது களவாகாது என்று அக்குவீனாஸ் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் இதை உறுதிப்படுத்தியது. உலகின் பொருட்கள் யாவும் எல்லாருடைய வாழ்வுக்கெனவே படைக்கப்பட்டவை என்பது இதன் அடித்தளம். முற்றுகைக்குள் மருந்தகத்துக்கு விளக்கேற்ற ஆளில்லாத வீட்டிலிருந்து மோட்டரைக் கழற்றியவர் இவ்வகையினர். ஆனால் கடும் தேவை என்பது ஒரு நிரந்தர அனுமதிச் சீட்டல்ல. தேவை முடிந்ததும் அனுமதியும் முடிகிறது. மின்கம்பி மீண்டும் வந்த பின்னர், செலவை மீதப்படுத்தவென்று எடுக்கும் பொருளுக்கு அக்காலத்து நியாயத்தைச் சொல்லலாகாது.

மலாவி நாட்டில் 2002இல் நடந்ததை இங்கே குறிப்பிடலாம். பஞ்சத்தால் பள்ளிக் கட்டணம் கட்டமுடியாமல் படிப்பை நிறுத்திய வில்லியம் கம்குவாம்பா என்ற பதினான்கு வயதுச் சிறுவன், நூலகத்துப் புத்தகமொன்றைப் பார்த்து, பழைய இரும்புக் குவியலில் பொறுக்கிய உழவு இயந்திர விசிறி, பிளாஸ்ரிக் குழாய், சைக்கிள் ஆகியவற்றால் காற்றாலை செய்து வீட்டுக்கு விளக்கேற்றினான். உலகம் அவனுடைய திறமையைப் புகழ்ந்தது. அதிகம் பேசப்படாத ஒரு செய்தியும் உண்டு. அந்தக் காற்றாலைக்கு உயிரான டைனமோ கண்டெடுத்ததல்ல. அவனுடைய நண்பன் காசு கொடுத்து வாங்கியது. சைக்கிள் தகப்பனுடையது, அதற்குத் தகப்பனைச் சம்மதிக்க வைத்தான். பசி கிடந்த ஊரிலும் கேட்டு எடுக்கலாம், வாங்கி எடுக்கலாம் என்பதற்கு இது சான்று.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடையே உண்டு. இடிந்த தொழிற்சாலை, பழைய அலுவலகம், கைவிடப்பட்ட நீர்ப்பம்பி நிலையம் ஆகியவற்றின் பொருள்கள் “அரசாங்கத்தின் சாமான், ஒருவருடையதும் அல்ல” என்று கருதப்படுகின்றன. பொதுச்சொத்து ஒருவருடையதும் அல்லாத சொத்தல்ல; எல்லாருடையதுமான சொத்து. ஊருக்குத் தண்ணீர் ஏற்றிய மோட்டரைக் கழற்றியவன், முகம் தெரியாத ஒருவரிடமல்ல, தன் பிள்ளையிடமும் அயலவரிடமும் எடுத்திருக்கிறான்.

இவை எல்லாவற்றிலும் கொடியது, ஓடக்கூடிய மோட்டரை உடைத்து அதன் செப்புக் கம்பியை நிறைக்கு விற்பது. கடனுக்கு ஈடாக ஒருவனுடைய திரிகைக் கல்லை எடுக்காதே, அது அவனுடைய உயிரையே ஈடாக எடுப்பதாகும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் தடுக்கிறது. அன்றைய குடும்பத்துக்குத் திரிகை எப்படியோ, இன்றைய தோட்டக்காரனுக்குத் தண்ணீர் மோட்டர் அப்படியே. மீள்குடியேறித் தன் வளவுக்கு வந்த விதவை ஒருத்தி, கிணற்றருகே மோட்டர் இருந்த சீமெந்துக் கட்டையை மட்டும் காணும்போது, அவள் இழப்பது செப்பின் விலையையல்ல. அந்தப் போகத்து மிளகாயையும் வெங்காயத்தையும். ஆகவே பழைய இரும்பு வாங்கும் வியாபாரிகளே, “இது எங்கே எடுத்தது?” என்று கேளுங்கள். கேட்காமல் வாங்குவது களவுக்குச் சந்தை அமைத்துக் கொடுப்பதாகும்.

அப்படியானால் அந்த இளைஞன் என்ன செய்யவேண்டும்? முதலாவது, விசாரிக்கவேண்டும். வளவு யாருடையது என்று அயலில் கேட்டால் பெரும்பாலும் தெரியவரும். கிராம சேவகரிடம் சொல்லலாம்; பூசைக்குப் பின் கோவில் முற்றத்தில் அறிவிக்கலாம். வெளிநாட்டில் உள்ளவரை அறிந்த உறவினர் ஒருவர் எங்காவது இருப்பார். ஒரு தொலைபேசி அழைப்பில் “எடுத்துப் பயன்படுத்து தம்பி” என்ற மறுமொழி வருவதும் உண்டு. இரண்டாவது, மோட்டரின் தகட்டில் உள்ள இலக்கத்தையும் எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதி வைக்கவேண்டும். மூன்றாவது, திருப்பிக் கொடுக்க இயலாதபடி அதை மாற்றுவதாயின், உரியவர் வந்தால் அதற்கொத்த பெறுமதியைக் கொடுக்க மனத்தில் உறுதி கொள்ளவேண்டும். நான்காவது, எவ்வளவு தேடியும் உரியவர் அகப்படாவிட்டால், அவருக்குச் சேரவேண்டியதை அவர் பெயரால் ஏழைகளுக்குக் கொடுப்பதே திருச்சபையின் பழைய போதனை. இதைச் செய்வது கடினமல்ல. தன் காற்றாலையிலிருந்து அடுத்த வீட்டுக் கிழவிக்கு ஒரு விளக்குக்குக் கம்பி இழுத்துக் கொடுக்கட்டும். அயற்பிள்ளைகள் இரவில் வந்திருந்து படிக்க ஒரு மேசையும் வெளிச்சமும் வைக்கட்டும். உரியவர் உயிரோடு இருந்தால் அது அவருடைய தருமமாகும். இறந்திருந்தால் அவருக்கான செபமாகும்.

நீதி பொருளோடு முடிவதில்லை. அயலவரின் உயிரையும் தழுவும். இரும்பு தேடி மண்ணைக் கிண்டியவர்கள் வெடிபொருளில் கையிழந்த துயரம் வன்னி அறிந்தது. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத இடத்தில் ஒரு மோட்டருக்காகக் கால் வைப்பது வீரமல்ல. பிள்ளைகளை அனுப்புவது பாவம். செப்பெடுக்க வயரை எரித்தால் நச்சுப் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும். பழைய பற்றரியின் ஈயத்தையும் அமிலத்தையும் கிணற்றடியில் ஊற்றலாகாது. பெருங்காற்றில் சில்லைக் காற்றின் போக்கிலிருந்து திருப்பிவிடும் வால் இல்லாத காற்றாலை, கத்தி வீசும் பைத்தியக்காரனுக்கு ஒப்பானது. வீட்டுக்கும் வீதிக்கும் விலக்கி, விழுந்தாலும் ஒருவர்மேலும் விழாத தூரத்தில் அதை நிறுத்துவது ஐந்தாம் கட்டளையைச் சேர்ந்தது.

காற்றுக்கு மட்டும் உரிமையாளர் இல்லை என்று நினைத்து ஆறுதல் கொள்ளலாமா? மோட்டருக்குக் கேட்ட கேள்வி அங்கேயும் நம்மைத் தொடர்கிறது. 2014 முதல் பளைப் பகுதியில் பெரிய காற்றாலைகள் சுழல்கின்றன. மன்னார்த் தீவில் 2020இல் 30 கோபுரங்கள் நாட்டப்பட்டன. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டமிட்ட இந்திய நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவ்வாண்டிலேயே புதிய கோபுரங்களை எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். அவர்கள் காற்றுக்கு விலை கேட்கவில்லை. தங்கள் நிலத்தையும் வெள்ளம் வடியும் வழியையும் கடற்றொழிலையும் பற்றித் தங்களிடம் கேட்டார்களா என்றே வினவினார்கள். “அங்கே ஒருவரும் இல்லை, வெறும் வெளி” என்று சொல்லி நிலத்தை எடுப்பதும், “கேட்பாரற்றுக் கிடந்தது” என்று மோட்டரை எடுப்பதும் அளவில் வேறானவை, மனப்பான்மையில் ஒன்றே. பெரியவர்களிடம் நீதி கேட்கும் நாம், நம் கையில் உள்ள சிறியதில் அதே நீதியைச் செய்தல் வேண்டும்.

அன்பு வாசகரே, பழைய மோட்டரிலிருந்து வெளிச்சம் எடுக்க முயலும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். அவனுக்குக் குறடும் கம்பியும் வாங்கிக் கொடுங்கள். கணக்கும் பௌதிகமும் படிக்க ஊக்குவியுங்கள். கூடவே, “இது யாருடையது, கேட்டாயா?” என்று ஒருமுறை கேளுங்கள். எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு சமூகத்தில், இழந்தவர் ஒருவர் தம் பொருளைத் தேடித் திரும்பி வரும்போது, “அண்ணை, உங்கட சாமான் என்னட்டைப் பத்திரமா இருக்கு” என்று சொல்ல ஓர் அயலவன் இருப்பானாயின், அந்த ஊர் உண்மையிலேயே மீள்குடியேறிவிட்டது எனலாம்.